பசித்தவனின் கை

ஹிஜ்ரி 18இல் அரபு மண்ணில் பெரும் பஞ்சம் நிலவியது. அப்போது களவுக்குக் கை வெட்டும் தண்டனையைக் கலீபா உமர் (ரழி) நிறுத்தி வைத்ததை நாமறிவோம். அவர்களது இன்னொரு தீர்ப்பை இமாம் மாலிக்கின் 'முவத்தா' பதிந்துள்ளது. ஹாதிப் என்பவரின் அடிமைகள் முஸைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைக் களவெடுத்து அறுத்துவிட்டனர். கை வெட்டப் பணித்த உமர், பின்னர் எஜமானே அவர்களைப் பட்டினி போடுவதாகக் கண்டார். உரியவர் 400 திர்ஹத்துக்கும் விற்க மறுத்த ஒட்டகம் அது. ஹாதிப் 800 கொடுக்க நேர்ந்தது.

லுணுகலையில் படிப்பிக்கும் எனக்கு இது 1973-74ஐ நினைவூட்டுகிறது. உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலையேற, இங்கே பங்கீட்டு அரிசி குறைந்தது. மாவின் விலை ஏறியது. கிராமத்தவருக்கு ஒரு துண்டுக் காணியாவது இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கோ லயக் காம்பிராவும் நாட்சம்பளமும்தான். வேலை நாட்களும் குறைந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராகிப் பலருக்கு வாக்குரிமையும் இல்லை. 1974இல் தோட்டப்புற இறப்பு வீதம் நாட்டின் சராசரியை வெகுவாகத் தாண்டியது.

அந்நாளில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி அகப்பட்டவர்களைப் பற்றி இங்குள்ள முதியோர் சொல்வதுண்டு. அவர்களைப் பட்டினி போட்டவரிடம் கணக்குக் கேட்டதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

களவு ஹலாலாகிவிட்டதென உமர் சொல்லவில்லை. ஒட்டகக்காரருக்கு இரட்டிப்பு விலை கிடைத்தது. கிழங்குக்காரனும் ஏழைதான், அவனது நட்டமும் தீர வேண்டும். ஆனால் அதைப் பசித்தவன் தலையில் கட்டலாமா? வேலை வாங்கிக்கொண்டு வயிற்றை மறந்தவரல்லவா கொடுக்க வேண்டும்?