தஞ்சாவூர்க் கோட்டையை நடந்தே சுத்தலாம்

திருப்பனந்தாள்லேர்ந்து கும்பகோணம் வழியா தஞ்சாவூர் போற நம்மாளுங்க, பெரிய கோவிலைப் பார்த்துட்டு அப்படியே பஸ் ஏறிடறாங்க. கொஞ்சம் காலாற நடங்க மக்களே!

மேல ராஜவீதியில ஆரம்பிச்சா நாலு ராஜவீதியும் ஒரே சுத்து. எல்லாம் சமதரை, கால் வலிக்காது. கீழ ராஜவீதியில அரண்மனை. நாயக்கர்கள் கட்டினது, 1670-கள்ல மராட்டியர் கைக்கு வந்தது. நகருக்கு வடக்கே வடவாறு. கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டுல நாயக்கர் கால இரும்பு பீரங்கி இருக்கு. வார்ப்பு இல்லை, இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடிச்சு இணைச்சது.

மதில் எங்கேன்னு கேப்பீங்க. பெரும்பாலும் போயிடுச்சு. ஆனா கீழ அலங்கம், வடக்கு அலங்கம்னு தெருப்பேர் இருக்கே! அலங்கம்னா கோட்டைக் கொத்தளம். தெருப்பேரை மாத்தினா மிச்சமிருக்கற அடையாளமும் போயிடும். உங்க ஊர்ல இப்படிப் பேர் இருந்தா எழுதி வைங்க.