பேனாவைக் கத்தியாக்கியவர்: லட்சுமிகாந்தன் கதை

மனிதனை மிரட்டக் கத்தி வேண்டுமா? ஒரு பேனாவும் ஓர் அச்சகமும் போதும் என்று காட்டியவர் சி.என். லட்சுமிகாந்தன். தமிழ் சினிமா வரலாற்றின் மிகப் பெரிய வழக்குக்குப் பெயர் தந்தவர் இவர்தான்.

வக்கீலாக ஆசைப்பட்டவர், அதற்கு வசதியில்லாமல் நீதிமன்ற வாசலில் தரகராகச் சுற்றினார். பொய்ச்சாட்சி தயாரிப்பதும் போலிப் பத்திரம் எழுதுவதும் அவருக்குக் கைவந்த கலை. அந்தக் கலையே அவரைச் சிறைக்கு அனுப்பியது. போலி ஆவண வழக்கில் தண்டனை பெற்று ராஜமுந்திரி சிறைக்குப் போனார். அங்கிருந்து தப்பி, பிடிபட்டு, அந்தமானையும் பார்த்தார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது சென்னைக்குத் திரும்பியவர், 1943-இல் 'சினிமா தூது' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர், நடிகையரின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. எழுதாமல் இருக்கப் பணம். கொடுக்காவிட்டால் அடுத்த இதழில் பெயர் நாறும். பலர் மானத்துக்குப் பயந்து பணம் கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்க மிரட்டல் வளர்ந்தது.

பொறுக்க முடியாமல் எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். உரிமம் ரத்தானது. லட்சுமிகாந்தன் அடங்கவில்லை. போலி ஆவணங்களைக் காட்டிப் பத்திரிகையைத் தொடரப் பார்த்தார். அதுவும் நின்றதும் 'இந்து நேசன்' என்ற பத்திரிகையில் அதே வேலையைச் செய்தார்.

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தி பாய்ந்தது. மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். டிசம்பரில் மனு கொடுத்த மூவரும் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த நேரத்தில் பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த படம், மூன்று தீபாவளிகளைக் கண்டது. நாயகன் திரையில் பாடிக்கொண்டிருந்தார். நிஜத்தில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தார்!

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மேல்முறையீட்டை மீண்டும் விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது. அரசுத் தரப்புச் சாட்சியங்கள் நம்பத்தக்கவையாக இல்லை.

கலைவாணர் 'நல்லதம்பி', 'மணமகள்' என்று மீண்டு எழுந்தார். பாகவதரால் முடியவில்லை. 1948-இல் வந்த 'ராஜமுக்தி' ஓடவில்லை. 1959-இல் அவர் மறைந்தபோது பழைய செல்வாக்கு எங்கோ போயிருந்தது. கொன்றது யார்? அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

லட்சுமிகாந்தனை வளர்த்தது யார் என்ற கேள்விக்கு விடை உண்டு. பயந்து பணம் கொடுத்தவர்கள் பாதி. அடுத்தவர் வீட்டு ரகசியத்தைக் காசு கொடுத்துப் படித்தவர்கள் மீதி.

சென்னை முதல் கேமரன் மலையின் திரிங்காப் வரை இன்று எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. 'பணம் அனுப்பு, இல்லாவிட்டால் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்புவேன்' என்ற மிரட்டல் அதில் வருகிறது. அச்சகம் போய்க் கைப்பேசி வந்திருக்கிறது, தொழில் அதேதான். முதல் மிரட்டலிலேயே வீட்டில் சொல்லி, போலீசுக்கும் போகிறவரிடம் அந்தத் தொழில் செல்லாது. வந்த படத்தை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழிக்கிறவரிடமும் செல்லாது.