பால்கனியில் பூந்தொட்டி: திருவனந்தபுரம் மழையில் செடியைக் காப்பாற்றுவது எப்படி?

ஆண்டு இறுதியில் கனகக்குன்னு அரண்மனை வளாகத்தில் நடக்கும் 'வசந்தோத்சவம்' மலர்க்கண்காட்சியைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் நர்சரியில் வண்டியை நிறுத்தி, பூத்துக் குலுங்கும் பெட்டூனியா தொட்டி ரெண்டு வாங்கி வருவோம். மார்ச் மாதம் அது காய்ந்துவிடும். 'நமக்குக் கை ராசி இல்ல' என்று தொட்டியை மூலையில் கவிழ்த்து வைத்துவிடுவோம்.

கை ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்டூனியா இந்த ஊரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் தாக்குப்பிடிக்கும். நீங்கள் வாங்கியது மூன்று மாத விருந்தாளியை. அப்படியானால் இங்கே நிலைத்து நிற்கும் பூச்செடி எது? எந்த மண், எவ்வளவு தண்ணீர்? கழக்கூட்டம், ஸ்ரீகாரியம் பக்கம் வாடகை வீட்டில் புதிதாகத் தோட்டம் தொடங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

செடியைக் கொல்வது வெயிலா, மழையா?

திருவனந்தபுரத்தில் பெரும்பாலும் மழைதான். சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் முக்கிய மழைக்காலம். இங்கே ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை (உள்ளூரில் 'இடவப்பாதி'), பிறகு அக்டோபரில் 'துலாவர்ஷம்' என்று ரெண்டு முறை கொட்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். 10 அங்குலத் தொட்டியின் வாய்ப்பரப்பு சுமார் 0.05 சதுர மீட்டர். ஒரே நாளில் 50 மி.மீ. மழை பெய்தால், திறந்தவெளியில் இருக்கும் அந்தத் தொட்டிக்குள் 2.5 லிட்டர் இறங்கும். நீங்கள் ஊற்றுவது வழக்கமாக அரை லிட்டர்தான். வடிகால் துளை அடைத்திருந்தால், ரெண்டு நாளில் வேர் மூச்சுத் திணறி அழுக ஆரம்பிக்கும். இலை வாடுவதைப் பார்த்து 'தண்ணி பத்தல' என்று நாம் இன்னொரு குவளை ஊற்றுவோம். கதை முடிந்தது.

விதி எளிது: ஒரு அங்குல ஆழத்துக்கு விரலை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் பட்டால் ஊற்ற வேண்டாம்.

பால்கனி எந்தத் திசை?

செடி வாங்கும் முன் இதைப் பார்க்கணும். திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரை டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் இரண்டாவது வாரம் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். தெற்கு பார்த்த பால்கனியில் ஜனவரியில் உள்வரை விழும் வெயில், மே மாதம் காணாமல் போவது இதனால்தான். ஜனவரியில் நன்றாகப் பூத்த தொட்டி மே மாதம் மொட்டே வைக்கவில்லை என்றால், உரம் வாங்க ஓடாதீர்கள். தொட்டியை வெயில் வரும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

கிழக்கு பார்த்த பால்கனி, புதியவர்களுக்கு வரம். காலை வெயில் கிடைக்கும். மதியச் சூடு படாது.

முதலில் எந்தச் செடி?

- பத்துமணிப் பூ: தொங்கும் தொட்டிக்கு முதல் தேர்வு. ஒரு துண்டுத் தண்டை ஒடித்து நட்டாலே வரும். குறைந்தது 5 மணி நேர வெயில் வேண்டும், நிழலில் பூக்காது. பலத்த மழையில் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள்.
- இட்லிப்பூ: இந்த ஊர் மழைக்கும் மண்ணுக்கும் பழகிய செடி. ஒரு பூங்கொத்து பல நாள் நிற்கும்.
- செம்பருத்தி: 12 அங்குலத் தொட்டியாவது வேண்டும். மாவுப்பூச்சி வரும், இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.
- காகிதப்பூ (போகன்வில்லா): தண்ணீரைக் குறைத்தால்தான் பூக்கும். ஜனவரி முதல் மே வரை இதன் காலம்.
- நித்தியகல்யாணி: வெயிலை நன்றாகத் தாங்கும், தொடர்மழையில் தண்டு அழுகும்.
- நிழல் பால்கனிக்கு: ஆந்தூரியம், பிகோனியா. தொங்கவிட டர்ட்டில் வைன், ஸ்பைடர் பிளாண்ட். இவை ரெண்டிலும் பூவைவிட இலைதான் அழகு.

மூன்று செடியோடு தொடங்குங்கள். முதல் நாளே பதினைந்து வாங்கினால், எதற்கு என்ன ஆச்சு என்று கவனிக்கவே முடியாது.

மண் கலவை எப்படி?

தரைத்தொட்டிக்கு செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய சாண உரம் மூன்றும் சம பங்கு. கட்டியாக விற்கும் நார்க்கழிவில் உப்பு இருக்கலாம். ஊறவைத்து, ரெண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இங்குள்ள செம்மண் அமிலத்தன்மை கொண்டது. தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி சுண்ணாம்புத்தூள் கலந்து, ரெண்டு வாரம் கழித்து நடலாம். இட்லிப்பூவுக்கு மட்டும் சுண்ணாம்பு வேண்டாம். அதற்கு அமில மண்தான் பிடிக்கும்.

மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். மாவுப்பூச்சி, அசுவினிக்கு 20 மி.லி. வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டு விழுது, 5 கிராம் பார் சோப்பு, ஒரு லிட்டர் தண்ணீர். கலந்து வடிகட்டி, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

தொங்கும் தொட்டி எவ்வளவு எடை?

பலரும் யோசிக்காத விஷயம் இது. 10 அங்குலத் தொங்கும் தொட்டியில் சுமார் 6 லிட்டர் கலவை பிடிக்கும். வெறும் செம்மண் நிரப்பி நனைத்தால் ஏறத்தாழ 10 கிலோ. நார்க்கழிவு அதிகம் சேர்த்தால் 5 முதல் 6 கிலோ. அதனால் தொங்கும் தொட்டிக்கு ரெண்டு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு உரம், ஒரு பங்கு மண்.

கொக்கியைக் கான்கிரீட்டில்தான் மாட்டணும், ஜிப்சம் சீலிங்கில் கூடாது. கிரில்லுக்கு வெளிப்பக்கம் தொங்கவிடவே கூடாது. எட்டாவது மாடியிலிருந்து 6 கிலோ விழுந்தால் கீழே யார் நடந்து போகிறார்கள் என்று அது பார்க்காது.

எல்லாப் பக்கமும் காற்று படுவதால் தொங்கும் தொட்டி சீக்கிரம் காயும். முற்றிலும் காய்ந்த கலவை தண்ணீரை உடனே உறிஞ்சாது. ஊற்றியது ஓரமாக வழிந்து ஓடிவிடும். அப்போது தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் அமுக்கி வையுங்கள்.

தட்டில் தேங்கும் தண்ணீர் ஏன் ஆபத்து?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு அதற்குத் தோதான இடம். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவணும்.

கேரளத்தில் இது சட்டப் பிரச்னையும்கூட. கொசு வளரும் சூழலை வைத்திருந்ததற்காக, 2023-ஆம் ஆண்டின் கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் ஒரு வீட்டு உரிமையாளருக்கு 2024-ல் இரிஞ்ஞாலக்குடா நீதிமன்றம் 2,000 ரூபாய் அபராதம் விதித்தது. வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் 'டிரை டே' கடைப்பிடிக்கச் சுகாதாரத் துறை சொல்கிறது. செடியைக் கவனிக்கும் நாளாகவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தட்டையே எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

நர்சரியில் எப்படிக் கேட்பது?

தமிழிலேயே கேட்டாலும் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். இருந்தாலும் இந்தச் சொற்கள் உதவும்:

- இட்லிப்பூ: தெச்சி அல்லது செத்தி
- செம்பருத்தி: செம்பரத்தி
- நந்தியாவட்டை: நந்தியார்வட்டம்
- தென்னை நார்க்கழிவு: சகிரிச்சோறு
- சுண்ணாம்பு: கும்மாயம்
- சாணத்தூள்: சாணகப்பொடி

வாங்கும்போது நிறையப் பூத்திருக்கும் செடியைவிட, மொட்டும் புதுத் தளிரும் உள்ளதை எடுங்கள். தொட்டியின் அடித்துளையைப் பாருங்கள்; வேர் வெள்ளையாக இருந்தால் நல்லது, பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டுப் பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள்.

எப்போது தொடங்கலாம்?

துலாவர்ஷம் ஓய்ந்தபின், டிசம்பர் தொடக்கம் நல்ல நேரம். ஜூன் மழைக்கு முன் வேர் பிடிக்க ஆறு மாதம் கிடைக்கும். அதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது: வரும் ஞாயிறு காலை 8, மதியம் 12, மாலை 4 மணிக்கு பால்கனியில் வெயில் எங்கே விழுகிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நர்சரிக்குப் போகும்போது அந்த மூன்று படத்தையும் காட்டிச் செடி கேளுங்கள்.