பம்பாயில் பிறந்த கோச், 22 கோப்பைகள்... உலக சாம்பியனை உருவாக்கிய காலேஜ் பொண்ணுங்க டீம்!

‘பிகில்’ படத்துல தமிழ்நாட்டுப் பொண்ணுங்க நேஷனல்ஸ் கப்பைத் தூக்குறப்போ தியேட்டர்ல விசில் அடிச்சீங்கதானே? படம் வந்தது 2019 தீபாவளிக்கு. ஆனா, நிஜத்தில் தமிழ்நாடு பெண்கள் அணி அதுக்கு முந்தின வருஷமே அந்தக் கப்பைத் தூக்கிடுச்சு. கட்டாக்கில் நடந்த சீனியர் நேஷனல்ஸ் ஃபைனலில், பெண்கள் ஃபுட்பாலின் ராஜாங்கமான மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தினார்கள். அன்னைக்கு எத்தனை பேர் விசில் அடிச்சோம்?

சரி, அதைவிடப் பெரிய ஆச்சர்யம் ஒண்ணு இருக்கு. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் பெண்களுக்கான ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் இந்தியா ரன்னர்-அப். 1983-ல் பாங்காக்கிலும் ரன்னர்-அப். அந்தச் சமயத்தில் அமெரிக்காவுக்குப் பெண்கள் தேசிய அணியே கிடையாது! அவங்க முதல் மேட்ச் ஆடினதே 1985 ஆகஸ்ட்டில். ஆனா 1991-ல் முதல் பெண்கள் உலகக் கோப்பை சீனாவில் நடந்தபோது, கப் அமெரிக்கா கையில். ஆறே வருஷம்!

எப்படி? அந்த உலகக் கோப்பை அணியில் இருந்த 18 பேரில் 9 பேர் ஒரே யுனிவர்சிட்டி. கோச்சும் அதே யுனிவர்சிட்டி கோச்தான். நார்த் கரோலினா மாநிலத்தில், சேப்பல் ஹில் என்ற சின்ன ஊரில் இருக்கும் நார்த் கரோலினா யுனிவர்சிட்டி. கூடைப்பந்து ஆளுங்களுக்கு மைக்கேல் ஜோர்டன் படிச்ச இடம்னு சொன்னா டக்குனு புரியும்.

சட்டம் கொடுத்த கிரவுண்டு

கதை 1972-ல் ஆரம்பிக்குது. அந்த வருஷம் அமெரிக்காவில் ‘டைட்டில் நைன்’ என்று ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். விளையாட்டு என்ற வார்த்தை கூட அதில் முக்கியமா இல்லை. ஆனா, விளையாட்டுக்கும் அது பொருந்தும் என்று ஆனதும் யுனிவர்சிட்டிகளுக்கு வேற வழியில்லை. பசங்களுக்கு கிரவுண்டு, கோச், ஸ்காலர்ஷிப் இருந்தா, பொண்ணுங்களுக்கும் இருக்கணும்.

சேப்பல் ஹில்லில் அப்போ பொண்ணுங்க சும்மா ஒரு கிளப்பா சேர்ந்து ஆடிக்கிட்டு இருந்தாங்க. ‘எங்களை அதிகாரபூர்வ யுனிவர்சிட்டி டீமா ஆக்குங்க’ன்னு நிர்வாகத்திடம் போய்க் கேட்டது அவங்கதான். நிர்வாகம், பசங்க டீமின் இளம் கோச் ஆன்சன் டோரன்ஸிடம் ‘போய் இவங்க ஆட்டத்தைப் பார்த்துட்டு வந்து சொல்லு’ன்னு அனுப்பியது. பார்த்தார், ‘தகுதி இருக்கு’ன்னார். 1979-ல் அணி பிறந்தது. கோச் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது.

இந்த டோரன்ஸ் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம பம்பாயில், 1951-ல்! அப்பாவுக்கு எண்ணெய் கம்பெனி வேலை. அதனால ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று ஊர் ஊராகச் சுற்றி வளர்ந்தவர். அமெரிக்காவில் யாரும் பெருசா கண்டுக்காத ஃபுட்பால் மேல அவருக்குப் பைத்தியம் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

1981-ல் கல்லூரிப் பெண்களுக்கான முதல் தேசிய சாம்பியன்ஷிப், சேப்பல் ஹில்லிலேயே நடந்தது. சாம்பியன், நார்த் கரோலினா. அடுத்த வருஷம் என்.சி.ஏ.ஏ. என்ற பெரிய அமைப்பு போட்டியைக் கையில் எடுத்தது. அதிலும் சாம்பியன். 83, 84-லும் அவங்கதான். 85 ஃபைனலில் தோல்வி. பிறகு 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது வருஷம் சாம்பியன்! ஒரு பொண்ணு ஆறாவதில் சேர்ந்து காலேஜ் முதல் ரெண்டு வருஷம் முடிக்கிற காலம் அது. நடுவில் தொடர்ந்து 103 மேட்ச் தோற்கவே இல்லை. இதையெல்லாம் கிரிக்கெட்டில் யாராவது செஞ்சிருந்தா நாம தினமும் ஸ்டேட்டஸ் வச்சிருப்போம்.

நோட்டீஸ் போர்டில் உங்க பெயர்

பிராக்டீஸ்தான் இந்த டீமின் ரகசியம். ஒருத்தருக்கு ஒருத்தர் பந்தைப் பறிப்பது, ஷூட்டிங், ஓட்டம், ஹெடர் எல்லாத்துக்கும் மார்க். யார் ஜெயிச்சா, யார் தோத்தான்னு தினமும் குறிச்சு, ரேங்க் போட்டு ஒட்டிடுவாங்க. இதற்கு ‘போட்டிக் கொப்பரை’ங்கிற மாதிரி ஒரு பெயர். இந்த ஐடியாவை டோரன்ஸ் எடுத்தது, அதே கேம்பஸின் கூடைப்பந்து கோச் டீன் ஸ்மித்தின் பயிற்சியிலிருந்து. சொந்த ஃப்ரெண்டை பிராக்டீஸில் தோற்கடிக்கத் தயங்கும் பொண்ணுங்களிடம், ‘கிரவுண்டுக்குள்ள ஜெயிக்க நினைக்கிறது தப்பில்லை’ன்னு சொன்ன முறை இது. டியூஷன்ல ரேங்க் ஷீட் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் பயமுறுத்தும். எல்லாருக்கும் ஒத்துவரும்னு நானும் சொல்ல மாட்டேன்.

ஆனா, அந்தக் கொப்பரையில்தான் மியா ஹாம் வந்தார். சேப்பல் ஹில்லுக்காக ஆடிய 95 மேட்ச்சில் தோற்றது ஒண்ணே ஒண்ணு. பின்னாடி 2001, 2002 இரண்டு வருஷமும் ஃபிஃபாவின் உலகின் சிறந்த வீராங்கனை. 1991 உலகக் கோப்பையின் கேப்டன் ஏப்ரல் ஹெய்ன்ரிக்ஸும் இங்கே படிச்சவர்தான். அவர் பிறகு அமெரிக்க அணிக்கே கோச் ஆனார்.

பணமும் முக்கியம். அமெரிக்காவின் டாப் டிவிஷனில் பல வருஷங்களாக ஒரு பெண்கள் ஃபுட்பால் அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப் வரை கொடுக்க அனுமதி இருந்தது. ஆண்கள் அணிக்கு? 9.9தான். பசங்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பாலுக்கே ஏகப்பட்ட ஸ்காலர்ஷிப் போயிடும். அதைச் சமன் செய்யத்தான் இந்தக் கணக்கு.

பேசாமல் விடக் கூடாத பக்கம்

எல்லாமே இனிப்பான கதை இல்லை. 1998-ல் இரண்டு முன்னாள் வீராங்கனைகள் டோரன்ஸ் மீது பாலியல் துன்புறுத்தல் வழக்கு தொடுத்தார்கள். வீராங்கனைகளின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி அவர் பேசினார், கேள்வி கேட்டார் என்பது புகார். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஒரு வழக்கு 2004-ல் சமரசமானது. இன்னொன்று 2008-ல், 3,85,000 டாலர் தொகையோடும் டோரன்ஸின் மன்னிப்புக் கடிதத்தோடும் முடிந்தது. பத்து வருஷம்! டீமில் இடம், ஸ்காலர்ஷிப், நேஷனல் கேம்ப் எல்லாம் ஒரே ஆள் கையில் இருக்கும்போது, ஒரு பத்தொன்பது வயசுப் பொண்ணு எப்படி வாய் திறப்பா? கப் கணக்கு சொல்லும் பல கட்டுரைகள் இதைத் தாண்டிப் போயிடும்.

2024 ஆகஸ்ட்டில், சீசன் தொடங்க சில நாள்களே இருக்கும்போது டோரன்ஸ் ஓய்வை அறிவித்தார். வயது 73. ‘இனி அவ்வளவுதான்’னு பலர் நினைச்சாங்க. டிசம்பரில், உதவி கோச்சாக இருந்த டேமன் நஹாஸ் தலைமையில் அணி வேக் ஃபாரஸ்ட்டை 1-0 என வென்று 22-வது என்.சி.ஏ.ஏ. கோப்பையைத் தூக்கியது.

நம்ம ஏரியாவுக்கு வருவோம்

இங்கே ‘யுனிவர்சிட்டி டீம்’ என்றால் அர்த்தமே வேற. சென்னைப் பல்கலைக்கழகம் மாதிரி இடத்தில், அம்பத்தூரில் ஒரு காலேஜ், மயிலாப்பூரில் ஒரு காலேஜ் என்று சிதறிக் கிடக்கும் வீராங்கனைகளை இன்டர்-காலேஜியேட் போட்டியில் பார்த்துத் தேர்வு செய்வாங்க. கொஞ்ச நாள் கேம்ப், அப்புறம் சவுத் ஸோன், அதில் தேறினால் ஆல் இண்டியா இன்டர்-யுனிவர்சிட்டி. சேப்பல் ஹில்லில் நாலு வருஷம் தினமும் ஒண்ணா ஆடுறாங்க. இங்கே ஒருத்தர் பாஸை இன்னொருத்தர் புரிஞ்சுக்கறதுக்குள்ள போட்டி முடிஞ்சிடும். ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஒரே கேம்பஸில் இருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு இந்த விஷயத்தில் பெரிய வசதி. டீம் முழுக்க ஒரே இடம்.

ஆனா, மூணரை, நாலு மணிக்கு காலேஜ் பஸ் கிளம்பிடுமே? டே ஸ்காலர் பொண்ணு பிராக்டீஸுக்கு நின்னா, திருநின்றவூருக்கோ திருவேற்காட்டுக்கோ இருட்டின பிறகு யார் கொண்டுபோய் விடுவாங்க? வீட்டில் ‘வேணாம்’னு சொல்றதுக்குப் பாதி காரணம் ஷார்ட்ஸ் இல்லை, பஸ்தான்.

இதையெல்லாம் மீறித்தான் மதுரையின் சேது எஃப்.சி. 2019 மே மாதம் இந்தியன் விமன்ஸ் லீக்கை வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. ஆகவும் இருந்துகொண்டு இந்தியாவுக்கு ஆடினார். 2023-ல் தமிழ்நாடு மறுபடி நேஷனல்ஸ் ஜெயித்தது. 2025 ஜூலையில் இந்திய அணி தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 1980-ல் ஃபைனல் ஆடிய அதே போட்டிக்கு!

உங்க வீட்டில் ப்ளஸ் டூ முடிக்கப்போற ஃபுட்பால் பொண்ணு இருந்தா, சில விஷயங்கள். தமிழ்நாடு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அரசு வேலையில் 3 சதவிகித இட ஒதுக்கீடும் உண்டு. அதனால மாவட்ட, மாநில அளவு சர்டிஃபிகேட்டைப் பத்திரமா ஃபைல் பண்ணுங்க. இன்டர்-யுனிவர்சிட்டி ஆட 25 வயசுதான் வரம்பு.

அட்மிஷனுக்குப் போகும்போது பி.டி. சாரையோ மேடத்தையோ பார்த்து மூணு கேள்வி கேளுங்க. பொண்ணுங்க டீம் போன வருஷம் எத்தனை மேட்ச் ஆடுச்சு? பிராக்டீஸ் முடிஞ்ச பிறகு பஸ் இருக்கா? உள் புகார்க் குழுவில் யார் யார் இருக்காங்க? மூணாவது கேள்விக்குப் பதில் நோட்டீஸ் போர்டிலேயே பெயர், போன் நம்பரோட இருக்கணும். இல்லைன்னா எங்கே இருக்குன்னு அங்கேயே கேட்டுடுங்க.