வாவிக்கரையில் கனத்த சுக்கான்

மட்டக்களப்பின் வரலாற்றைப் போர்களைக் கொண்டும் தேர்தல்களைக் கொண்டும் எழுதுவோர் பலர். வாகனத்தின் சுக்கானைக் கொண்டும் அதனை எழுதலாம் என்பது, செய்திக்காக அவ்வாவியின் இரு கரைகளிலும் அலைந்த எனது எண்ணம்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி, மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை எனப் பிரிக்கின்றது. 1924இல் கல்லடியில் லேடி மனிங் பாலம் அமைந்தது. எனினும் தெற்கே மண்முனை, குருக்கள்மடம், குருமண்வெளி ஆகிய துறைகளில் படுவான்கரைக்குச் செல்ல 'பாதை'யே கதி. இங்கே பாதை என்பது தெருவன்று. வாகனங்களையும் மக்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவை.

பாதையில் ஏறும் வாகனம் ஆமை வேகத்தில் ஊர்ந்து, சுக்கானை முழுமையாக வளைத்துத் திரும்ப வேண்டும். பவர் ஸ்டியரிங் பம்புக்கு மிகக் கடினமான வேலையும் அதுவே. இயந்திரம் மெதுவாகச் சுழல்கையில், எண்ணெயை உயர் அழுத்தத்தில் அது தள்ள வேண்டியுள்ளது.

அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இலேயே இதனை ஓட்டிக் காட்டினார். ஆயினும் விற்பனைக்கான காரில் அது வந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில்தான். இலங்கையில் அக்காலத்தில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 ஆகியவற்றில் அவ்வசதி இருக்கவில்லை. ஓட்டுநரின் தோளே பம்பு! 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின் பெருகிய ஜப்பானிய வாகனங்களோடுதான் இவ்விலகுவான சுக்கான் படிப்படியாகப் பரவிற்று.

2013இல் கல்லடியில் புதிய பாலமும் 2014இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. மண்முனைப் பாதை வரலாறாயிற்று. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 வரை அத்தடை நீடித்ததால் பழைய வான்கள் மேலும் முதுமையடைந்தன.

முதிய பம்பு முன்னறிவித்தே சாகும். திருப்பும்போது ஓலமிடும், எண்ணெய் நுரைக்கும், சுக்கான் கனக்கும். அவ்வோலத்தை வானொலியின் ஒலியைக் கூட்டி மறைத்தவர்களை நான் கண்டிருக்கின்றேன். முதலில் எண்ணெயின் அளவையும், பின்னர் பெல்ற்றையும் குழாய்களையும் பார்த்தல் வேண்டும். குற்றம் பெரும்பாலும் அங்கேயே அகப்படும். பம்பையே மாற்றுவதாயின் பழைய எண்ணெயை முற்றாகக் கழுவி அகற்றல் அவசியம். இல்லையேல் அதிலுள்ள உலோகத் துகள்கள் புதிய பம்பையும் தின்றுவிடும். பல வாகனங்களில் அதே பெல்ற்றே நீர்ப்பம்பையும் சுழற்றுகின்றது. அது அறுந்தால் இயந்திரமும் கொதிக்கும்.

வாசகர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். பம்பு நின்றாலும் சுக்கானுக்கும் சக்கரத்துக்குமான தொடர்பு அறுவதில்லை; பாரம் மட்டுமே கூடுகின்றது. அதனை அறியாதவர், திடீரெனக் கனத்த சுக்கானைப் பூட்டிக்கொண்டதாக எண்ணிக் கைவிடுகின்றார். விபத்து அங்கேதான் பிறக்கின்றது. இரு கைகளாலும் இறுகப் பற்றி, வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துவதே வழி. மொறிஸ் மைனர் ஓட்டிய தலைமுறைக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.