நிழல் மனிதன் பிறந்த கதை

விசையொன்றை அழுத்தியதும் கணினித் திரையில் மனிதன் ஓடுகின்றான். உண்மையில் ஓடுபவர் எவருமிலர். சிறிது சிறிதாக வேறுபட்ட படங்கள் அடுத்தடுத்துத் தோன்ற, கண் அதனை ஓட்டமெனக் கொள்கின்றது. அமெரிக்க இளைஞர் ஜோர்டன் மெக்னர் 1985 இல் தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவிற் பதிந்து, படம் படமாக வரைந்தெடுத்தார். 1989 இல் அப்பிள் 2 கணினிக்கென வெளிவந்த 'பாரசீக இளவரசன்' விளையாட்டின் நாயகன் அவ்வாறு உருவானவனே.

ஆயின், அவ்வசைவுகளே கணினியின் நினைவகத்தை நிரப்பின, பகைவனுக்கு இடமில்லை. பகையில்லாத விளையாட்டுச் சுவைக்குமா? மெக்னர் இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தி அதன்மீது பொருத்தினார். ஒத்த புள்ளிகள் அழிந்தன; ஒவ்வாதவை ஒளிர்ந்தன. பேயுருப்போல் நிழல் மனிதன் தோன்றினான். வறுமை ஈந்த கொடை! அவனை வெட்டினால் இளவரசனுக்கே காயம்; வாளை உறையிலிட்டு அவனோடு ஒன்றினாலன்றி மேற்செல்ல வழியில்லை.