கமலா யாரு? ஒரு கரோல் பாக் பால்கனியின் பூர்வீகம்

2014-ல மாற்றலாகி கரோல் பாக் வந்த புதுசு. கீழ் வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி மூச்சு வாங்க மூணு மாடி ஏறி வந்து, "உங்க கம்லாவுல இருந்து என் துணி மேல தண்ணி சொட்டுது"ன்னு ஹிந்தியில சொன்னாங்க. நமக்குத்தான் ஹிந்தி கரை புரண்டு ஓடுமே! "எங்க வீட்டுல கமலான்னு யாரும் இல்லையே ஆன்ட்டி"ன்னு பணிவா பதில் சொன்னேன். உள்ளே இருந்து தங்கமணி பார்த்த பார்வை இன்னும் மறக்கலை. கம்லான்னா தொட்டியாம்!

அப்புறம் தேடிப் படிச்சப்ப இன்னொரு சங்கதி தெரிஞ்சுது. இந்த கம்லா ஹிந்தியே இல்லை. 'கமெலா'ன்னு போர்ச்சுகீசிய மொழியில மரத்தொட்டிக்குப் பேரு. கப்பலேறி வந்து இங்கேயே தங்கிட்ட வார்த்தை. இன்னிக்கு அதை யாரும் வெளியூர்க்காரின்னு சொல்றதில்லை. (நம்மளைத்தான் இன்னும் 'மதராஸி'ங்கறாங்க!)

சொட்டுன தண்ணிக்குக் காரணம் அம்மா. கும்பகோணத்துல இருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல வரும்போது ஊறுகாய், அப்பளத்தோட, ஈரத்துணியில சுத்தின குச்சிகளையும் கொண்டு வந்திருந்தாங்க. கற்பூரவல்லி, தூதுவளை, ஆடாதோடை. துளசி மட்டும் இங்கே வாங்கிக்கலாம்னு சலுகை. ரெண்டு மண்தொட்டி, ஒரு பழைய பெயிண்ட் டப்பா, ஓட்டையான ஒரு பிளாஸ்டிக் வாளி. எங்க தோட்டம் ரெடி.

சொந்த மண் இல்லாதவங்க தொட்டியில பச்சை வளர்க்கறது நேத்து வந்த பழக்கம் இல்லை. சுமார் 3500 வருஷம் முன்னாடி எகிப்து ராணி ஹட்ஷெப்சுட் புன்ட் தேசத்துக்குக் கப்பல் அனுப்பி, சாம்பிராணி மாதிரி வாசனைப் பிசின் தர்ற மரங்களை வேரோட கூடையில வெச்சுக் கொண்டு வரச் சொன்னாங்க. டெய்ர் எல்-பஹாரி கோயில் சுவர்ல அந்தக் காட்சியைச் செதுக்கியே வெச்சிருக்காங்க. பழைய ஏதென்ஸ்ல அடோனிஸ் விழாவுக்குப் பெண்கள் உடைஞ்ச சட்டிகள்ல பெருஞ்சீரகமும் லெட்யூஸ் கீரையும் விதைச்சுக் கூரை மேல வைப்பாங்க. சீக்கிரமே முளைச்சு, வெயில்ல சீக்கிரமே வாடிப் போயிடும். எங்க முதல் வருஷத் தோட்டமும் கிட்டத்தட்ட அதே கதைதான். மே மாச 'லூ' காத்துல தூதுவளை அவுட். ஜனவரிக் குளிர்ல கற்பூரவல்லி கருகிப் போச்சு. நல்ல வேளையா, உள்ளே ஜன்னலோரம் வெச்சிருந்த ஒரே ஒரு கிளை பிழைச்சுது. அதை ஒடிச்சு நட்டதுதான் இப்ப இருக்கறது எல்லாமே.

கரோல் பாக்கும் பேர்லயே தோட்டம்தான். பாக் என்றால் தோட்டம். ஆனா இது வேரோட பிடுங்கப்பட்டவங்க ஊர். 1920-கள்ல கன்னாட் பிளேஸ் கட்டறதுக்காக மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் கிராமத்து ஜனங்களைக் காலி பண்ணச் சொன்னப்போ, அவங்கள்ல நிறைய பேர் வந்து சேர்ந்த இடம் இது. 1947-ல இங்கே இருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல கிளம்பிப் போக, மேற்கு பஞ்சாப்ல இருந்தும் சிந்துல இருந்தும் அகதிகள் வந்தாங்க. சர்க்கார் வேலைக்கு வந்த நம்மாளுங்களும் கூட்டம் கூட்டமா இங்கே குடியேறினாங்க. ஒரு காலத்துல தில்லித் தமிழர்னாலே கரோல் பாக்தான்.

கீழ் வீட்டு ஆன்ட்டியோட மாமனாரும் 47-ல லாகூர்ல இருந்து வந்தவர்தான். சண்டை போட வந்த ஆன்ட்டி கற்பூரவல்லி இலையைக் கசக்கி மோந்து பார்த்துட்டு, "அரே, அஜ்வைன் பத்தா!"ன்னாங்க. அஜ்வைன்னா ஓமம். நாமும் அதை ஓமவல்லின்னுதானே சொல்றோம்? நிஜமான ஓமம் வேற செடி. இருந்தாலும் லாகூர் மூக்குக்கும் கும்பகோணத்து மூக்குக்கும் ஒரே வாசனைதான் பட்டிருக்கு. அன்னிக்கு ஒரு கிளை கீழே போச்சு, பதிலுக்குப் புதினா மேலே வந்துச்சு.

இனிமேதான் விஷயமே. 2018-ல என் மச்சினி வந்திருந்தா, ஆறு மாசம். ரெண்டு நாளா விடாத இருமல். நான் பெரிய வைத்தியர் மாதிரி ஆடாதோடை இலையைப் பறிச்சுக் கஷாயம் போட்டு டம்ளரை நீட்டிட்டேன். அம்மா ஓடி வந்து டம்ளரைப் பிடுங்கினாங்க. "டேய், பிள்ளைத்தாச்சிக்கு இதைக் குடுக்கவே கூடாதுடா!" ஏன்னு கேட்டா, "எங்க அம்மா சொல்லியிருக்கா, அவ்வளவுதான் தெரியும்".

அப்புறம் படிச்சா உடம்பு நடுங்கிருச்சு. ஆடாதோடையில இருக்கற வாசிசின்ங்கற பொருளுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கற குணம் உண்டு. அதே வாசிசினை மாதிரியா வெச்சுத்தான் மருந்துக்கடை இருமல் மருந்துல இருக்கற புரோம்ஹெக்ஸினை உருவாக்கியிருக்காங்க. ஒரே இலை, ஆள் பார்த்துக் கொடுக்கணும்.

இந்தக் கவலை எங்க வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. நூறு வருஷம் முன்னாடியே எங்க பேட்டையில ஒருத்தருக்கு வந்திருக்கு. தினமும் நான் காய்கறி வாங்கற அஜ்மல் கான் ரோடுக்குப் பேர் கொடுத்த ஹகீம் அஜ்மல் கான். பரம்பரை யுனானி வைத்தியர். காங்கிரஸ் தலைவராகவும் இருந்தவர். வைத்தியம் குடும்ப ரகசியமா வீட்டுக்குள்ளேயே முடங்கிடக் கூடாதுன்னு கரோல் பாக்ல ஆயுர்வேதத்துக்கும் யுனானிக்கும் சேர்த்து திப்பியா காலேஜ் தொடங்கினார். 1916-ல வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்ட, 1921 பிப்ரவரி 13-ஆம் தேதி காந்திஜி திறந்து வெச்சார். திறக்க வந்தவர் புகழ்ந்துட்டுப் போகலை. மேல்நாட்டு விஞ்ஞானிகளோட ஆராய்ச்சி மனசுக்கு வணக்கம் சொல்லிட்டு, நம்ம வைத்தியர்கள்கிட்டயும் ஹகீம்கள்கிட்டயும் அது இல்லையேன்னு வருத்தப்பட்டார்.

அஜ்மல் கானுக்கும் அதே எண்ணம்தான். ஜெர்மனியில பிராங்பர்ட்ல வேதியியல் டாக்டர் பட்டம் வாங்கிய சலிமுஸ்ஸமான் சித்திக்கிகிட்ட ஆராய்ச்சிப் பிரிவை ஒப்படைச்சார். 1927 டிசம்பர்ல அஜ்மல் கான் இறந்துட்டார். சித்திக்கி விடலை. 'பாகல் கி தவா'ன்னு, அதாவது பைத்தியத்துக்கு மருந்துன்னு, கடைகள்ல வித்துக்கிட்டிருந்த சர்ப்பகந்தா வேரை எடுத்து, 1931-ல அதுல இருந்து ஒரு பொருளைப் பிரிச்சார். அதுக்கு வெச்ச பேர் அஜ்மலின்! இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்தா ஆச்சு. புருகாடா சிண்ட்ரோம்ங்கற இதய நோய் இருக்கான்னு கண்டுபிடிக்க இன்னிக்கும் அதை வெச்சு சோதனை பண்றாங்க. அதே வேர்ல இருந்து 1952-ல சுவிட்சர்லாந்து சிபா கம்பெனிக்காரங்க ரிசர்பின் எடுத்தாங்க, ரத்தக் கொதிப்புக்கு. அளவு தவறினா அதே மருந்து மனச்சோர்வுலயும் தள்ளிடும். பிரிவினைக்கு அப்புறம் 1951-ல சித்திக்கி கராச்சிக்குப் போயிட்டார். காலேஜ் இன்னும் இங்கேதான் இருக்கு.

2022-ல அம்மா போயிட்டாங்க. தொட்டியெல்லாம் நல்லா தளதளன்னு இருக்கு. போன மாசம் பொண்ணு தண்ணி ஊத்திக்கிட்டே கேட்டா, "அப்பா, தூதுவளை யாருக்குக் குடுக்கக் கூடாது? எவ்வளவு குடுக்கணும்?" எனக்குத் தெரியலை. இருபது வருஷமா அடுத்தவன் கணக்கை வரி வரியா சரிபார்க்கறவன், அம்மா கணக்கை எழுதி வெச்சுக்கலை. அசல் இருக்கு, பத்திரம் தொலைஞ்சு போச்சு.

இதுல ஒரு வேடிக்கை வேற. அம்மா ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கொண்டு வந்த ஆடாதோடை, எங்க வீட்டுக்குப் பக்கத்து ரிட்ஜ் காட்டுல அடூசாங்கற பேர்ல புதரா மண்டிக் கிடக்கு! செடி எங்கேயும் கிடைக்கும். ரயிலேறி வந்ததுல கிடைக்காத சரக்கு, "பிள்ளைத்தாச்சிக்குக் கூடாது"ங்கற அந்த ஒத்தை வரிதான்.

இப்ப ஒரு பழைய லெட்ஜர் நோட்டு போட்டிருக்கேன். செடிக்கு ஒரு பக்கம். ஊர்ல எண்பது வயசு அத்தை இருக்காங்க, ஞாயித்துக்கிழமை போன் போட்டு அவங்க சொல்றதை இடது பக்கம் எழுதறோம். டாக்டர்கிட்டயும் புத்தகத்துலயும் சரிபார்த்ததை வலது பக்கம். ரெண்டும் ஒத்துப்போகாத செடியோட இலையை யாருக்கும் கொடுக்கறதில்லை. வாசனைக்கு இருக்கட்டும்னு விட்டுடறோம். எழுதறது பொண்ணு, ஆடிட்டிங் தங்கமணி.

உங்க பால்கனியிலயும் ஒரு தொட்டி இருக்கும். ஊர்ல அம்மாவோ அத்தையோ இருந்தா இன்னிக்கே ஒரு போன் போடுங்க மக்களே. எதுக்குன்னு மட்டும் கேட்காதீங்க, யாருக்குக் கூடாதுன்னும் கேட்டு எழுதி வெச்சுக்குங்க.